எட்டு வரி முகவரி

ஏப்ரல் 17, வியாழன்

கல்யாணப் பத்திரிகை வந்துவிட்டது. கார்டு இருநூற்று அறுபது, உறை இருநூற்று எண்பது. பிரஸ்காரர் ஏதோ காவியம் எழுதி முடித்தவர் மாதிரி நின்றார். மஞ்சள் உறையின் இடப்பக்கத்தில் தங்க நிறத்தில் ஒரு பிள்ளையார், உறையில் கால்வாசிக்கு உட்கார்ந்திருக்கிறார். கார்டில் பிள்ளையாரைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னது நான்தான். அதே அச்சை உறையிலும் குத்தி வைப்பார் என்று நான் என்ன ஜோசியமா பார்த்தேன்? சொல்லாததைச் செய்வதில் நம் ஊர் ஆட்களுக்கு இருக்கும் ஆர்வம் சொன்னதைச் செய்வதில் இருப்பதில்லை.

என் வீட்டுக்காரர் கார்டை இரண்டு தரம் படித்தார். அவர் பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். எதையும் இரண்டு தரம் படிப்பார். தாய்மாமன் பெயர் இல்லையே என்றார். இடம் இல்லை என்றேன். அவர் பிள்ளையாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டார்.

ஏப்ரல் 19, சனி

இனி முகவரி வேலை. ஓசூரில் இருக்கும் என் மகன் நெல்லையப்பன், அதாவது மாப்பிள்ளை, தன் பழைய மடிக்கணினியையும் ஒரு பிரிண்டரையும் அனுப்பியிருக்கிறான். கையால் எழுத வேண்டாமாம், எல்லாம் ஈசியாம். செய்யப்போவது நான், ஈசி என்று சொல்வது அவன்.

ஜில்லா கோர்ட்டில் முப்பத்து நாலு வருஷம் டைப்பிஸ்ட்டாக இருந்தவள் நான். கடைசி ஒன்பது வருஷம் தலைமை. சம்மன் உறையை மெஷினில் செருகினால் கண்ணாலேயே அளந்து நடுவில் இறக்குவேன், அளவுகோலைத் தொட்டதில்லை. ஒரு நாள் விடுப்பு எடுத்ததில்லை. ஓய்வு பெற்ற அன்று ஜட்ஜ் ஐயாவே அதை மைக்கில் சொன்னார். எனக்கு ஒரு உறை பெரிய காரியமா?

மென்பொருளில் உறைக்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. முகவரியை ஒரு கட்டத்தில் அடித்தால் அதுவே நடுவில் வைத்து அச்சிட்டுக் கொடுக்குமாம். சோதனைக்கு நீளமான முகவரியை எடுப்பதுதான் முறை. அது அடங்கினால் மற்றதெல்லாம் அடங்கும். வீட்டுக்காரர் எழுதி வைத்த பட்டியலில் என் அண்ணன் ஆவுடையப்பன் பெயருக்கு நேரே முகவரி இல்லை, "நேரில்" என்று மட்டும் இருந்தது. ஆனால் கல்லிடைக்குறிச்சி முகவரி எட்டு வரி, அதைவிட நீளம் எதுவும் கிடையாது. பெயர், கதவு எண், பழைய எண், மேலத்தெரு, கூட்டுறவுப் பண்டகசாலைக்குப் பின்புறம் என்று போய்க்கொண்டே இருக்கும். மனப்பாடமாக அடித்தேன். நல்ல டைப்பிஸ்ட்டுக்கு ஞாபகம் அப்படித்தான் இருக்கும். வேறு காரணம் எதுவும் இல்லை.

அண்ணன் பெயர் பிள்ளையார் வயிற்றில் போய் விழுந்தது.

ஏப்ரல் 20, ஞாயிறு

இரண்டாவது உறை. முகவரி முதுகுப் பக்கம், தலைகீழாக.

ஏப்ரல் 22, செவ்வாய்

மூன்று, நான்கு, ஐந்து. இடப்பக்கத்திலிருந்து இவ்வளவு சென்டிமீட்டர், மேலிருந்து இவ்வளவு என்று எண் கொடுக்க இடம் வைத்திருக்கிறார்கள். கொடுத்தேன். முகவரி வலப்பக்கம் நகர்ந்தது, சந்தோஷப்பட்டேன். கணினியை மூடித் திறந்தால் மறுபடி பிள்ளையார் மடியில். நான் சொன்னதெல்லாம் அதற்கு ராத்திரியோடு மறந்துவிடுகிறது. கோர்ட்டில் இப்படி ஒரு பியூன் இருந்தார். அவராவது திட்டினால் தலையைச் சொறிவார்.

இதைவிட ஒரு கொடுமை. எட்டு வரி அடித்தால் அச்சில் ஆறு வரிதான் வருகிறது. கடைசி இரண்டு வரி, ஊரும் பின்கோடும், காணோம். ஒரு எச்சரிக்கை கிடையாது, ஒரு மன்னிப்பு கிடையாது. ஊர் இல்லாத முகவரியை அச்சிட்டுவிட்டு வேலை முடிந்தது என்று அறிவிக்கிறது.

சாயங்காலம் நெல்லையப்பன் பேசினான். கணினியைப் பற்றிக் கேட்பான் என்று பார்த்தால், மாமா வீட்டுக்கு எப்போது பத்திரிகை வைக்கப் போகிறோம் என்று கேட்டான். சின்ன வயதில் லீவுக்கெல்லாம் அங்கேதான் கிடந்தான், ஆற்றில் நீச்சல் பழகியதும் அவர் தோளில்தான். தபாலில் அனுப்பிக்கொள்ளலாம் என்றேன்.

"மாமா கையால மாலை வாங்காம நான் மணவறை ஏற மாட்டேம்மா. கோவத்துல சொல்லல, யோசிச்சுத்தான் சொல்லுதேன்" என்றான்.

பெற்று வளர்த்தவள் நான். நிபந்தனை போடுவது இவன்.

ஏப்ரல் 23, புதன்

வீட்டுக்காரருக்கும் திடீரென்று வாய் முளைத்துவிட்டது. இட்லியைப் பிட்டுக்கொண்டே, "கூடப் பெறந்தவனுக்கு ஸ்டாம்பு ஒட்டியா பத்திரிகை அனுப்புவாக? அது கூப்பிடுறது இல்ல மரகதம், வராதேன்னு சொல்லுறது" என்றார்.

எனக்குத் தெரியாதா? முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காயோடு அவர் வீட்டுக்கே போய் வைக்க வேண்டும். முறையெல்லாம் எனக்கு அத்துப்படி. முறையை முதலில் மறந்தது யார்?

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அம்மா இறந்தபோது பதினாறாம் நாள் விசேஷத்துக்கு அண்ணன் கார்டு அடித்தார். மகன் பெயர் இருந்தது, மருமகள் பெயர் இருந்தது, பேரப்பிள்ளைகள் இருந்தார்கள், பக்கத்து வீட்டு மிராசுதார் பெயர்கூட இருந்தது. அம்மாவுக்கு இருப்பது ஒரே மகள். அவள் பெயர் இல்லை. கேட்டதற்கு, "இடம் பத்தலன்னுட்டான் பிரஸ்ல, விட்டுப் போச்சு" என்றார். மிராசுதாருக்கு இடம் இருந்தது. இலை போடுவதற்கு முன்பே பஸ் ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு அந்த ஊர்ப் பக்கம் திரும்பவில்லை.

அம்மா படுக்கையில் கிடந்த மாதம் கோர்ட்டில் வருடாந்திர ஆய்வு. அப்போதும் ஒரு நாள் விடவில்லை நான். அப்படி வேலை பார்த்தவளுடைய பெயருக்கு ஒரு வரி இடம் இல்லை.

ஏப்ரல் 26, சனி

ஆறாவதில் பெயருக்குக் கீழே எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. ஏழாவது கோணல், பிரிண்டர் கடித்து இழுத்துவிட்டது. எட்டாவது அச்சாகிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனது. அண்ணன் பெயரில் பாதியோடு நிற்கிறது. ஒன்பதாவதில் எழுத்தைப் பொடியாக்கிப் பார்த்தேன். எட்டு வரியும் வந்தன, படிக்கத்தான் பூதக்கண்ணாடி வேண்டும்.

எதிர்த் தெருவில் பிரிசில்லா கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாள், அவளிடம் கேட்கலாமே என்கிறார் வீட்டுக்காரர். அவள் கடைப் பலகையிலேயே வரி மேலே ஏறிக் கீழே இறங்கி இருக்கிறது. அவளிடம் நான் முகவரி அமைக்கப் படிக்க வேண்டுமாம்.

ஏப்ரல் 28, திங்கள்

பிரிசில்லாவிடம் போனேன். கற்றுக்கொள்ள இல்லை, சரிபார்த்துக்கொள்ள.

அவள் இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டாள் என்பதை எழுதாமல் விட எனக்கும் ஆசைதான். முகவரி ஒரு கண்ணுக்குத் தெரியாத பெட்டிக்குள் இருக்கிறதாம். நான் பெட்டியை விட்டுவிட்டு எழுத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். பெட்டியின் அகலம், உயரம், அது நிற்கும் இடம் எல்லாவற்றையும் உறை முகவரிக்கென்று இருக்கும் 'ஸ்டைல்' என்கிற பாணியில் மாற்றிச் சேமித்தால்தான் அடுத்த முறையும் ஞாபகம் இருக்குமாம். வரி காணாமல் போன ரகசியத்தையும் அவள்தான் கண்டுபிடித்தாள். பெட்டியின் உயரத்தை இம்மிகூட மாறாதபடி நிர்ணயித்து வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் வரும் வரியைப் பெட்டி காட்டாது.

"அழிஞ்சு போகலக்கா. உள்ளதான் இருக்கு. பெட்டிக்குள்ள எடம் இல்லாததால வெளிய தெரியல, அவ்வளவுதான்" என்றாள்.

நடந்து வரும்போது ஒரு யோசனை. ஒன்பது வருஷத்துக்கு முன்பு பிரஸ்களிலும் கம்ப்யூட்டர் வந்துவிட்டதுதானே. அங்கேயும் யாராவது ஒரு அரைகுறை, பெட்டியின் உயரத்தைக் கவனிக்காமல், கடைசி வரியை. இதையெல்லாம் யோசிக்க எனக்கு நேரம் இல்லை. இருநூற்றுச் சொச்சம் உறை கிடக்கிறது.

ஏப்ரல் 30, புதன்

முடித்துவிட்டேன். அத்தனை உறையும் நேர்கோட்டில், பிள்ளையாருக்கும் முகவரிக்கும் இரண்டு விரல் இடைவெளியில். கல்லிடைக்குறிச்சி உறையும் எட்டு வரியோடு அம்சமாக வந்திருக்கிறது. அதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

வீட்டுக்காரர் உட்கார்ந்து நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினார். ஒரு மூலை தடவினால் ஒரு காபி கேட்கிறார். கெட்டுப்போன ஒன்பது உறைகளைத் தூக்கிப் போட மனம் வரவில்லை, நல்ல காகிதம். கட்டின் அடியில் செருகி வைத்தேன்.

மே 3, சனி

இவரை வைத்துக்கொண்டு ஒரு காரியம் செய்ய முடியாது.

தபால் உறைகளை எல்லாம் போட்டுவிட்டு வெற்றி வீரராக வந்தார். மத்தியானம் பார்த்தால் அடியில் இருந்த ஒன்பதையும் காணோம். அதற்கும் மஞ்சள் தடவி, ஸ்டாம்பு ஒட்டி, பெட்டியில் போட்டிருக்கிறார். ஒன்பது உறை, ஒன்பதிலும் ஒரே பெயர், ஒன்றிலும் கார்டு கிடையாது. கையில் எடுத்தால் காற்று மாதிரி இருந்திருக்குமே, தெரியவில்லையா என்று கேட்டேன். "கட்டுல இருந்துது, ஒட்டுனேன்" என்கிறார். டெப்போவில் இவர் சொன்ன நேரத்துக்கா பஸ் விட்டார்கள்?

ஸ்டாம்பைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தது நான்தான். அதற்காக ஒவ்வொரு உறையாகவா பார்த்துக்கொண்டிருப்பேன்? பருப்பு அடுப்பில் இருந்தது.

மே 4, ஞாயிறு

இன்று தபால் கிடையாது.

மே 5, திங்கள்

கல்லிடைக்குறிச்சிக்கு இங்கிருந்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. தபாலுக்கு எத்தனை நாள் ஆகும் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். சும்மாதான் கேட்டேன். சிரிக்கிறார்.

மே 6, செவ்வாய்

போன் வந்தது. வீட்டுக்காரர் வழக்கம்போல எழுந்து வாசலுக்குப் போகாமல், வேண்டுமென்றே ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டு மேசைமேல் வைத்தார். ஒன்பது வருஷம் கழித்து அண்ணன் குரல். கரகரவென்று ஆகிவிட்டது.

ஒன்பது கவர் வந்திருப்பதாகச் சொன்னார். பலதில் ஊரே இல்லையாம், ஒன்றில் பெயரே பாதிதானாம். எல்லாம் ஒரே கட்டாக, எங்கள் பாளையங்கோட்டை முத்திரையோடு வந்ததால், மற்றதில் இருந்த பெயரைப் பார்த்துத் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தாராம். நான் கேலியை எதிர்பார்த்துப் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். பெட்டி, உயரம், பாணி என்று ஆரம்பித்து அவர் வாயை அடைத்துவிடலாம் என்று இருந்தேன்.

"மாப்ள, மரகதம் அடிச்ச தாளு கோணலா இருந்து நான் பாத்ததே கிடையாது. அவளுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா? மறைக்காமச் சொல்லுங்க" என்றார்.

எனக்கு உடம்பாம். அறுபத்தொரு வயதில் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். அடுக்களைக்குப் போய்க் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். கண்ணில் வெங்காயம் பட்டுவிட்டது என்று சொன்னேன். வெங்காயம் எங்கே என்று இவர் கேட்கிறார்.

வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது. போகலாம் என்று சொல்லிவிட்டேன். பெட்டிக்குள் அடங்காத வரிக்கு ஒரு மனுஷனை எத்தனை வருஷம் தண்டிப்பது? போய் மன்னித்துவிட்டு வரலாம். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை.

மே 9, வெள்ளி

எழுதுகிறேன், ஆனால் வரிசையாக வருமா என்று தெரியவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி நான் மேலத்தெருவைப் பார்த்து நடந்தேன். தாம்பாளப் பையோடு வந்த வீட்டுக்காரர் இடப்பக்கம் திரும்பினார். வழிகூட மறந்துவிட்டதா என்று சத்தம் போட்டேன். அவர் நின்று, "அங்க யாரும் இல்ல மரகதம். நாலு வருஷம் முந்தி பெருமழையில ஓடு எறங்கிட்டு. அண்ணாச்சி ஸ்டேஷன் ரோட்டுல இருக்காரு" என்றார். இவருக்குத் தெரிந்திருக்கிறது. வந்து போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறார். பத்து நாள் உட்கார்ந்து எட்டு வரியையும் அடக்கினேனே, அந்த வீட்டில் ஆளே இல்லை.

புது வீடு சின்னது. மதினி வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணனுக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது. அலமாரியில் அம்மா படம். அதற்குப் பக்கத்தில் ஒன்பது மஞ்சள் உறைகளை அடுக்கி வைத்திருக்கிறார், நான் அச்சிட்ட வரிசை தெரிந்த மாதிரி, வயிற்றில் விழுந்ததுதான் முதலில்.

தாம்பாளத்தை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டு உறையைப் பார்த்தார். "இது அம்மா வீட்டு வெலாசம்லா" என்று மதினியிடம் காட்டினார். பிறகு கார்டை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். மாப்பிள்ளை வீட்டார் பெயர் வரும் இடத்தில் விரல் நின்றது. கீழே போனது. திரும்ப மேலே வந்தது. நான் பிள்ளையாரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எடம் பத்தலியோ?" என்றார்.

பத்தவில்லை என்று சொல்லியிருக்கலாம். பிரஸ்காரர் மேல் போட்டிருக்கலாம். பஸ்ஸில் வரும்போது அவருக்கு ஒரு மன்னிப்பையே தயார் செய்துகொண்டு வந்தவள் நான்.

"எடம் இருந்துச்சுண்ணே" என்றேன். "நாந்தான் போடல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கார்டை மடித்தார்.

"அன்னைக்கும் எடம் இருந்துச்சு" என்றார். "பிரஸ்காரன் உன் பேரைக் கோத்துத்தான் வச்சிருந்தான். நாந்தான் எடுக்கச் சொன்னேன். பதினெட்டு நாளு, மரகதம் வந்துட்டாளா, மரகதம் வந்துட்டாளான்னு அம்மா கேட்டுக்கிட்டே கெடந்தா. மூணு தரம் ஆள் விட்டேன். ஆய்வு முடியட்டும்னு சொல்லி விட்ட. அந்தக் கோவம்."

மதினி, "இப்ப என்னத்துக்கு அதெல்லாம்" என்றாள். நான் சண்டைக்குச் சொல்ல ஏதாவது அகப்படுமா என்று தேடினேன். ஒன்பது வருஷமாகச் சேர்த்து வைத்தது எவ்வளவு இருந்தது. ஒன்றுகூட உதவவில்லை.

அந்த ஆய்வுக்கு வந்த அதிகாரியின் பெயர்கூட இப்போது எனக்கு ஞாபகம் இல்லை. ஒன்றரை மணி நேரப் பயணம். ஒரு நாள் விடுப்புக் கேட்டிருந்தால் ஜட்ஜ் ஐயா நான்கு நாள் கொடுத்திருப்பார். கேட்கவில்லை. அம்மா போய்விடுவாள் என்று நான் நினைக்கவில்லை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். நினைத்தேன். போய்ப் பார்க்கத்தான் பயம். மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தால் எல்லாம் நேராக இருக்கும் போலத் தோன்றியது. அம்மா படத்துக்கு முன்னால் நின்று அழுதேன். அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

சாப்பிட்டோம். தேங்காய்ப்பால் விட்ட சொதிதான். ஒன்பது வருஷத்துக்கு முன்பு சாப்பிடாமல் எழுந்து போன வீட்டுக்காரி இன்று மூன்று தரம் சோறு வாங்கினாள் என்று இவர் கணக்குச் சொல்கிறார். கிளம்பும்போது அண்ணன், "மாப்பிள்ளைக்கு மாலை நான் கொண்டாந்திருதேன், நீங்க வாங்கிராதிய" என்று இவரிடம் சொன்னார். என்னிடம், "உன் கம்ப்யூட்டரு எப்படி?" என்றார். பரவாயில்லை என்றேன்.

மே 10, சனி

காலையில் நெல்லையப்பனுக்குச் சொன்னேன். "சரிம்மா" என்றான். மாலை விஷயத்தை மறுபடி ஒரு தரம் சொல்லச் சொன்னான்.

மடிக்கணினியைத் திறந்து அண்ணனின் புது முகவரியை அடித்தேன். பெயர், ஸ்டேஷன் ரோடு, ஊர். மூன்றே வரி. பிரிசில்லா மாற்றியதை எடுத்துவிட்டு, பெட்டியைப் பழைய உயரத்துக்கே கொண்டுபோய்ப் பார்த்தேன். அடங்குகிறது. முதல் நாளே அடங்கியிருக்கும். இந்த முகவரி என்ன என்று யாரிடமாவது கேட்டிருந்தால் போதும்.

மீதி இருந்த உறை ஒன்றில் அச்சிட்டேன். நான்கு மூலையிலும் நானே மஞ்சள் தடவினேன். உள்ளே ஒன்றும் வைக்கவில்லை, அண்ணன் அலமாரியில் இருக்கும் ஒன்பதோடு இது பத்தாவது. ஸ்டாம்பு ஒட்டி, நடந்து போய், தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். இந்தத் தடவை வீட்டுக்காரரைக் குறை சொல்ல முடியாது.